தீ வைக்காதீர்கள் என்று சொன்னேன்

கொடுமுடிக்குச் சற்றுக் கீழே, காவிரிக் கரையை ஒட்டி இரண்டு தென்னந்தோப்புகள். நடுவில் ஒரு வண்டித்தடம். தெற்குத் தோப்பில் வெட்டிப் போட்ட ஓலைகள் எரிந்துகொண்டிருந்தன. பாதி பச்சையாக இருக்கும் தென்னை ஓலை எரியும்போது வரும் புகையில் ஓர் எண்ணெய்க் காரம் உண்டு. தொண்டையில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது.

வடக்குத் தோப்பிலும் அதே மாதிரி ஓலைகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அங்கே இன்னும் தீ வைக்கவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் நாச்சம்மாள் நின்றிருந்தார். கையில் தீப்பெட்டி.

"சொல்லுங்க தம்பி. வெக்கறதுங்களா, வேண்டாமுங்களா?"

நான் வண்டித்தடத்தில் நின்றுகொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு. தலையில் சர்க்கார் தொப்பி, கையில் எண்ணிக்கை நோட்டு. ஓலைகளைத் திருப்பிப் பார்த்து, அடிப்பக்கத்தில் கருந்தலைப் புழு எத்தனை இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவதுதான் எனக்கு இட்ட வேலை. தீ வைப்பதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. அதைச் சொல்ல வேண்டிய, என்னோடு வேலை பார்க்கும் பூச்சிக்காரன் வெங்கிடசாமி குளிர்காய்ச்சலில் கோயம்புத்தூரில் படுத்திருந்தான்.

தெற்குத் தோப்புக்காரர் பழனியப்பன் புகைக்குள்ளிருந்து வந்து தடத்தின் அந்தப் பக்கம் நின்றார். நாச்சம்மாளின் அண்ணன்.

"கொளுத்தச் சொல்லித்தான சர்க்காரு நோட்டீசு போட்டுருக்குது. இதுல கேக்கறக்கு என்ன இருக்குது? வெச்சுப்போட்டு வேலையப் பாரு."

நாச்சம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க," என்றேன்.

அந்த ஒரு சொல் அந்தக் கோடை முழுக்க என்னை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

கணக்குப் படித்தவனுக்குப் பூச்சியிடம் என்ன வேலை

முந்தைய வாரங்களில் நான் பி.ஏ. கணிதம் படித்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் இப்படித்தான் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என் தகப்பனாரும் இதையே கேட்டார்.

முப்பதுகளின் நடுவில் கணிதப் பட்டதாரிக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. கோயம்புத்தூருக்கு மேற்கே இருந்த விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில், பூச்சிப் பிரிவுக்குக் கணக்கு உதவியாளர் ஒருவர் தற்காலிகமாகத் தேவை என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். சரவணம்பட்டியிலிருந்து தினமும் சைக்கிள். அப்போது அது சோளக்காடும் பருத்திக்காடுமாக இருந்த ஊர். எதிர்க்காற்று அடிக்கும் மாதங்களில் அலுவலகம் போய்ச் சேரும்போது வாயெல்லாம் மண்ணாக இருக்கும்.

என் மேஜையில் கையால் சுழற்றும் கணக்கு இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு கிறீச். எதிர் மேஜையில் வெங்கிடசாமி. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், அவிநாசிச் சாலைப் பக்கம். பூச்சிகளின் மேல் அப்படி ஒரு பைத்தியம். சட்டைப் பையில் எந்நேரமும் கண்ணாடிக் குழாய் இருக்கும், குழாய்க்குள் ஏதாவது ஊர்ந்துகொண்டிருக்கும்.

அவன் ஜன்னலோரம் வரிசையாக ஜாடிகள் வைத்திருந்தான். ஜாடியில் சோளமாவு. மாவில் ஒரு ஜோடி மாவு வண்டு. முதலில் மெதுவாகப் பெருகும், பிறகு மளமளவென்று பெருகும், பிறகு மாவு போதாமல் தானே நின்றுவிடும். எண்ணிக்கையைக் கட்டக் காகிதத்தில் வரைந்தால் படுத்திருப்பவன் எழுந்து நின்று, அந்த உயரத்திலேயே மறுபடி படுத்துக்கொண்ட மாதிரி ஒரு கோடு வரும்.

வேறு சில ஜாடிகளில் இரண்டு ஜாதி வண்டுகளைச் சேர்த்து விட்டிருந்தான். இரண்டுக்கும் அதே மாவு, அதே இடம். சில மாதங்களில் ஒன்று மட்டுமே மிஞ்சும். ருஷ்யாவில் ஓர் இளம் விஞ்ஞானி கண்ணாடிக் குழாயில் நுண்ணுயிர்களை வளர்த்து இதையே கண்டிருக்கிறார் என்று அவன் சொன்னான். ஒரே பிழைப்பை ஒரே இடத்தில் இரண்டு பேர் செய்ய முடியாதாம்.

"சும்மா எண்ணறயே, எதுக்குன்னு யோசிச்சயா?" என்று ஒரு நாள் கேட்டான். "அடுத்த மாசம் எத்தன இருக்கும்னு உன்னால சொல்ல முடியுமா?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

இத்தாலிக் கடலும் எங்கள் தோப்பும்

பண்ணை நூலகத்தில் தேடியபோது ஓர் இத்தாலியக் கணிதப் பேராசிரியரின் கட்டுரை அகப்பட்டது. அது எழுதப்பட்ட கதை சுவையானது. பெரிய யுத்தம் நடந்த வருடங்களில் அந்த நாட்டின் கிழக்குக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. யுத்தம் முடிந்தபின் சந்தைகளின் மீன் கணக்கைப் பார்த்த உயிரியல்காரர் ஒருவர் திகைத்தார். வலை விழாத வருடங்களில் சுறா மாதிரி மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன்களின் பங்கு ஏறியிருந்தது. தின்னப்படும் சிறு மீன்களின் பங்கு ஏறவில்லை. ஏன் என்று அவர் கேட்டது பேராசிரியரிடம். பிற்பாடு அவர்கள் மாமனாரும் மருமகனும் ஆனார்கள்.

பேராசிரியர் இரண்டே இரண்டு சமன்பாடுகள் எழுதினார். தின்னப்படுவது தானாகப் பெருகும். தின்பவனைச் சந்திக்கும்தோறும் குறையும். தின்பவன் தானாக இருந்தால் பட்டினியில் குறைவான். இரையைச் சந்திக்கும்தோறும் பெருகுவான். அவ்வளவுதான். இதே சமன்பாடுகளை அமெரிக்காவில் இன்னொருவரும் தனியாக, சற்று முன்பே கண்டிருந்தார். பின்னாளில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மனிதர்கள் சாகும் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்.

இந்த இரண்டு வரிகளிலிருந்து அலை எழுகிறது. இரை பெருகும், அதைப் பார்த்துத் தின்பவன் பெருகுவான், இரை விழும், பின்னாலேயே தின்பவனும் விழுவான், மறுபடி இரை தலைதூக்கும். தின்பவன் எப்போதும் ஒரு படி பின்னால்தான் வருவான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கட்டுரையின் இன்னொரு முடிவு. இரண்டு பேரையும் ஒரே விகிதத்தில் வெளியிலிருந்து ஒருவன் அழித்துக்கொண்டே இருந்தால், சராசரியில் இரை கூடும், தின்பவன் குறைவான். யோசித்துப் பார்த்தால் புரியும். தின்பவனுக்கு இரண்டு அடி விழுகிறது: தானும் சாகிறான், சாப்பாடும் போகிறது. இரைக்கு ஓர் அடிதான், அதோடு அதன் எதிரியும் ஒழிகிறான். வலை விழுந்தவரை சிறு மீன்களுக்கு லாபம் என்பது இதனால்தான்.

இப்போது கொடுமுடிக்கு வருவோம். கருந்தலைப் புழு ஓலையின் அடியில் நூலாம்படை கட்டி, பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பில் தீப்பிடித்துப்போன மாதிரி இருக்கும். குரும்பை எல்லாம் உதிரும். மேற்குக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த ஒரு குளவியை எங்கள் பிரிவில் வளர்த்தார்கள். பேர்தான் குளவி, எள்ளைவிடச் சிறியது. புழு கூட்டுப்புழுவாகும்போது அதற்குள் முட்டை வைக்கும். அந்திப்பூச்சி வர வேண்டிய கூட்டிலிருந்து ஒரு கூட்டம் குளவி வெளியே வரும்.

வெங்கிடசாமியும் நானும் குழாய் குழாயாக அவற்றை ரயிலில் கொண்டுபோய் நாச்சம்மாளின் தோப்பில் விட்டோம். இரண்டு வாரம் கழித்து, புழு விழுந்த ஓலைகளை வெட்டிக் கொளுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வெட்டிய ஓலையில் புழுவும் இருந்தது, நாங்கள் விட்ட குளவியும் இருந்தது. இரண்டையும் ஒரே நெருப்பில் போடப்போகிறோம்.

என் அதிகாரியிடம் சமன்பாட்டைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா சமன்பாடு மரம் ஏறிப் பார்க்காதே," என்று காகிதத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

கொசுவலை

ஆக, நாச்சம்மாள் கேட்டபோது நான் சொன்னது என் பிரிவின் உத்தரவுக்கு நேர்மாறு.

"வேண்டாம்னா? அப்படியே போட்டு வெச்சா பூச்சி கெளம்பி மறுக்கா மரத்துல உக்காராதுங்களா?"

"ஓலைய ஒரு கூண்டுல அடைக்கோணுமுங்க. சல்லடைக் கண்ணு சின்னதா இருந்தா அந்திப்பூச்சி வெளிய வராது. குளவி வந்துரும்."

வெங்கிடசாமி எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது அது. செய்து பார்த்ததில்லை.

நாச்சம்மாள் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார். கணவர் இறந்து நான்கைந்து வருடமாகத் தோப்பைத் தனியாகப் பார்த்துவந்தவர். முடிவெடுக்க நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார். "ஊட்டுல கொசுவலை ரண்டு இருக்குதுங்க," என்று போனார். மரம் ஏறுகிற மாரப்பன் மூங்கிலைப் பிளந்து சட்டம் கட்டினான். வலையை மேலே போர்த்தித் தைத்தோம். புழு ஊர்ந்து வெளியே போகாமலிருக்கச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்தினோம்.

பழனியப்பன் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, இவ தோப்புல வளத்தற பூச்சி தடத்தத் தாண்டி என்ர தோப்புக்கு வராதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

நான் வாய்க்காலில் தண்ணீர் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"என்ர பேச்சவிட இந்தத் தம்பி பேச்சு உனக்குப் பெருசாப் போச்சு," என்றார் தங்கையைப் பார்த்து. "சரி. இனி உன்ர தோப்பு உனக்கு, என்ர தோப்பு எனக்கு."

ஆடு ஒன்று காணாமல் போனால்கூட அண்ணனைக் கேட்டுத் தேடுகிற வீடு அது. அன்றோடு பேச்சு நின்றது.

"எப்பங்க கொறயும்?" என்று நாச்சம்மாள் கேட்டார், நான் கிளம்பும்போது. என் அலையில் குளவி உச்சத்துக்கு வரும் நேரத்தை மனதுக்குள் பார்த்து, "ஆடிக்குள்ள திரும்பிருமுங்க," என்றேன். அதற்கு முன்னால் இன்னும் மோசமாகும் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ரயிலில் தோன்றியது. சொன்னதே நல்லது என்று ஈரோட்டில் தோன்றியது. கோயம்புத்தூர் வருவதற்குள் நாலு முறை மாறிவிட்டேன்.

பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அவர் தோப்பு கருகிக்கொண்டே போனது. நான் எண்ணப் போகும்போதெல்லாம் நோட்டில் எழுதும் எண் பெரிதானது. நாச்சம்மாள் என்னோடு வரிசை வரிசையாக வருவார், எதுவும் கேட்க மாட்டார். வைகாசியில்தான் முதல் முறையாக எண் இறங்கியது. கூட்டுப்புழுக்களில் ஊசி முனை அளவு துளைகள் தெரிந்தன. குளவி வெளியேறிய துளை. மாரப்பன் மரத்தின் மேலேயே இருந்துகொண்டு, "இதுலயும் ஓட்டைங்கோ," என்று ஒவ்வொன்றாகச் சொன்னான்.

நான் ஆறுதலாக மூச்சு விட்டது ஒரு வாரம் மட்டும்.

கப்பலில் வந்த கட்டுரை

நூலகத்துக்குக் கப்பல் தபாலில் புதுப் பத்திரிகைகள் வந்திருந்தன. அதில் ஆஸ்திரேலியாவிலிருந்து பூச்சி ஆராய்ச்சியாளர் ஒருவரும் இயற்பியல்காரர் ஒருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை. புழுவும் அதைக் கொல்லும் குளவியும்தான் விஷயம். எனக்காகவே எழுதின மாதிரி இருந்தது.

முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

இத்தாலியரின் சமன்பாட்டில் பிறப்பும் சாவும் ஆற்று நீர் மாதிரி இடைவிடாமல் ஓடுகின்றன. ஆனால் புழுவும் குளவியும் தலைமுறை தலைமுறையாக வாழ்பவை. இந்தத் தலைமுறையில் நிறைய புழு கிடைத்ததால் குளவி நிறைய முட்டை வைக்கிறது. அந்தக் குஞ்சுகள் வெளியே வரும்போது புழு தீர்ந்து போயிருக்கிறது. அவை பட்டினியில் சாகின்றன. அடுத்த தலைமுறையில் தடுக்க ஆளில்லாமல் புழு முன்னைவிடப் பெருகுகிறது. இப்படிக் கணக்குப் போட்டால் அலை ஒரே உயரத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு முறையும் உயர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் ஏதோ ஒன்று அடியோடு அழிகிறது. முதலில் அழிவது குளவியாக இருந்துவிட்டால் அதற்குப் பிறகு புழுவின் ராஜ்ஜியம்தான்.

நான்கு நாள் கணக்கு இயந்திரத்தைச் சுழற்றினேன். கொடுமுடி எண்களை வைத்துத் தலைமுறை தலைமுறையாக இறக்கிப் பார்த்தேன். எங்கே தொடங்கினாலும் அலை உயர்ந்தது. ஒரு கட்டத்தில் கோடு கட்டக் காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

வெங்கிடசாமி எட்டிப் பார்த்தான். "இது காகிதம். அது தோப்பு," என்றான்.

"வேண்டாம்னு சொல்லறப்பவும் காகிதத்த வெச்சுத்தான சொன்னேன்?"

அவன் தன் ஜாடிகளிடம் திரும்பிப் போனான்.

அந்த நாட்களில் எதைத் தொட்டாலும் கை நிற்காது. சைக்கிளை எடுத்தால் வீட்டுக்குப் போகாமல் பீளமேடு வரை போய்த் திரும்புவேன். சாப்பிட உட்கார்ந்தால் இலையில் விரலால் அலை வரைவேன். சொல்லிவிடலாமா, சொல்லாமல் இருந்து பார்க்கலாமா? புழுதான் இறங்கிக்கொண்டிருக்கிறதே, அந்த அம்மாள் சந்தோஷமாக இருக்கிறாரே, அதை ஏன் கெடுக்க வேண்டும்? ஒரு வேளை என் இரண்டாவது கணக்கும் தப்பாக இருந்தால்?

ஆனி மாதத்தில் ஒரு காலை, லீவு கேட்காமல் ரயில் ஏறிவிட்டேன்.

தடத்தின் இரண்டு பக்கம்

நாச்சம்மாள் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை ஊன்றி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"என்ர கணக்குல ஒரு தப்பு இருக்குதுங்க. இப்பக் கொறயும். பின்னால இதவிட மோசமா வரலாம். வராமயும் போலாம்."

"வருமுங்களா, வராதுங்களா?"

"தெரியலைங்க."

"அப்ப நான் கொளுத்தியிருக்கோணுமா?"

"அதுவுஞ் செரின்னு என்னால சொல்ல முடியலைங்க."

அவர் முகம் மாறியது. குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நாலு மாசமா என்ர அண்ணங்கூடப் பேச்சில்லீங்க. நோம்பிக்கு அவிய ஊட்டுக்குப் போவல. எல்லாம் உங்க ஒரு பேச்சக் கேட்டுத்தான். இன்னைக்கி வந்து தெரியலைன்னு சொல்றீங்க."

நான் தலையைக் குனிந்து நின்றேன். கால் மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தடத்தின் அந்தப் பக்கமிருந்து பழனியப்பனின் குரல். தங்கையிடம் பேசுவதில்லை என்பதால் என்னிடம் பேசினார்.

"வந்தீங்களா தம்பி? நல்லாப் பாத்துக்குங்க. அங்க புழு கொறஞ்சுபோச்சுல்ல? எங்க போச்சு? எல்லாம் இக்கட்டால, என்ர தோப்புக்கு வந்துருச்சு. என்ர வடவரம்பு ரண்டு வரிசையும் போன மாசம் பச்சையா இருந்துதுங்க. இப்பப் பாருங்க."

அவர் என்னைத் திட்டத்தான் அதைச் சொன்னார். ஆனால் எனக்கு அதில் வேறொன்று கேட்டது. என் கணக்கில், இத்தாலிக் கணக்கிலும் சரி ஆஸ்திரேலியக் கணக்கிலும் சரி, ஒரே ஒரு தோப்புதான் இருந்தது. அதில் எல்லாப் புழுவும் எல்லாக் குளவியும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. காவிரிக் கரையில் அப்படியா இருக்கிறது? தோப்புக்குப் பக்கத்தில் தோப்பு, நடுவில் தடம், வாய்க்கால், வெற்றிலைக் கொடிக்கால். ஓரிடத்தில் தோற்ற புழு அடுத்த இடத்துக்குத் தப்பிப் போகிறது. அப்படியானால் குளவி?

"உங்க வடவரம்புல ஒரு ஓலை பாக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பாத்துக்குங்க," என்றார்.

மாரப்பன் ஏறி ஓர் ஓலையை வெட்டிப் போட்டான். புழு மொய்த்தது, பழனியப்பன் சொன்னது உண்மை. ஆனால் கூட்டுப்புழுக்களில் சிலவற்றில் அந்த ஊசித் துளை. அடுத்த வரிசையில் ஒன்றிரண்டு. அதற்கும் உள்ளே போய் வெட்டிய ஓலையில் ஒன்றுகூட இல்லை. குளவி தடத்தைத் தாண்டி வந்திருந்தது. இரண்டு வரிசை தூரம் வந்து, அதற்கப்பால் இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆஸ்திரேலியக் கட்டுரையிலேயே ஓரிடத்தில், நிஜத்தில் கூட்டம் சிறு சிறு துண்டுகளாக உடைந்து, துண்டுக்குத் துண்டு தனித்தனியாக ஏறி இறங்கும் என்று எழுதியிருந்தார்கள். பயத்தில் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் அழியாது. ஓரிடத்தில் அழிந்தாலும் பக்கத்திலிருந்து வந்து சேரும். துரத்தல் நிற்காது, ஆனால் எல்லாமாக முடிந்தும் போகாது.

துளை விழுந்த கூடுகளைப் பழனியப்பனின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இந்த ஓலைய மட்டும் கொளுத்தாதீங்க. கொளுத்தினா உங்களுக்கு வார ஆளத்தான் கொல்றீங்க."

அவர் கையை உதறினார். "போதுமுங்க தம்பி. ஒருக்காக் கேட்டது அவ. நான் கேக்க மாட்டேன்."

நாச்சம்மாளிடம் விடைபெறப் போனேன். மடையை மாற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மனு

ஆடியில் பண்ணைக்கு ஒரு மனு வந்தது. சுற்றறிக்கைக்கு விரோதமாக ஒரு சிப்பந்தி ரயத்துகளைத் தூண்டிவிடுகிறார் என்று. கையெழுத்து பழனியப்பன்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். லீவு சொல்லாமல் போனது உண்மையா என்றார். அதுவும் உண்மை என்றேன். அவர் கெட்டவரல்ல. "எழுத்துல வந்துட்டுதப்பா, நான் பதில் எழுதியாகணும்," என்றார். மார்கழியோடு முடிகிற என் தற்காலிக வேலையை நீட்டிப்பதில்லை என்று உத்தரவாயிற்று.

நாச்சம்மாளின் தோப்பு ஐப்பசிக்குள் புதுக்குருத்தாகப் பச்சை கட்டிவிட்டதென்று எண்ணப் போன வெங்கிடசாமி வந்து சொன்னான். "மழைனாலயும் இருக்கலாம்," என்று உடனே சேர்த்துக்கொண்டான். அவனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

ஈரச் சாக்கு

கார்த்திகையில் ஒரு முற்பகல், அலுவலக வராந்தாவில் பழனியப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய ஓலைக்கட்டு. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். வேட்டியெல்லாம் ஈரம்.

"இதுல உங்க ஆளு இருக்குதான்னு பாருங்க."

வெங்கிடசாமியும் நானும் ஓலையைப் பிரித்தோம். கூட்டுக்குக் கூடு துளை. ஒன்றை ஊசியால் திறந்தபோது உள்ளே குளவிகள் வெளிவரத் தயாராக நெளிந்தன. பழனியப்பன் பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அன்னைக்கி நீங்க சொல்லிப்போட்டுப் போனப்பறம், வடவரம்பு ரண்டு வரிசைய மட்டும் கொளுத்தாம உட்டேனுங்க. பாக்கலாமேன்னுதான். மத்ததெல்லாம் கொளுத்தினேன். ரண்டு வரிசை பச்சையாயிருச்சு. கொளுத்தின பக்கம் மழை பேஞ்சும் இன்னும் கருகலாத்தான் கெடக்குது."

நாங்கள் எத்தனையோ ஜாடி வைத்துப் பார்க்கிற சோதனையை அவர் தன் தோப்பிலேயே செய்திருந்தார்.

"ஆனா மனுவ அது பச்சையாகறதுக்கு மிந்தியே குடுத்துப்போட்டேன்," என்றார். "வாபஸ் வாங்கிக்கறேனுங்க. யாரப் பாக்கோணும்?"

"உத்தரவு ஆயிருச்சுங்க."

அவர் கண்ணாடியை மேஜையில் வைத்தார். ஈரச் சாக்கை உதறி மடித்தார். பிறகு, "என்ர தங்கச்சிகிட்ட இத நீங்களே சொல்லிப்போடுங்க," என்றார்.

"நீங்களே சொல்லலாமுங்களே?"

"ஒம்போது மாசமாப் பேச்சில்ல. எடுத்த ஒடனே புழுவப் பத்தியா பேசறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். நாச்சம்மாள் வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடப்பாரையிலிருந்து கையை எடுத்தார்.

"வாங்கண்ணா. வாசல்ல நின்னு பேசிப்போட்டுப் போற ஒறம்பரையா நீங்க?"

பழனியப்பன் செருப்பைக் கழற்றினார். புழுவைப் பற்றி எதுவும் பேசவில்லை. மாடு கன்று போட்டதா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

நாச்சம்மாள் என் பக்கம் வந்தார். என் வேலை போன விஷயத்தை அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"உங்களுக்கு இப்படி ஆகிப்போச்சுங்களே. அடுத்த கோடைக்கு இங்க எண்ணறக்கு யாரு வருவாங்க?"

தெரியாது என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

"எப்படி எண்ணறதுன்னு காட்டிக் குடுத்துப்போட்டுப் போங்க," என்றார்.

அன்று பகல் முழுவதும் காட்டிக்கொடுத்தேன். மரத்துக்கு எத்தனை ஓலை பார்ப்பது, ஓலையில் எந்தப் பாகத்தை எண்ணுவது, உயிருள்ள புழுவையும் துளை விழுந்த கூட்டையும் எப்படித் தனித்தனியாகக் குறிப்பது. அண்ணனும் சாப்பிட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்.

அதற்குப் பிறகு

தை மாதம் வெள்ளகோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். சித்திரையில் முதல் கார்டு வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் நாச்சம்மாளின் கையெழுத்து. இரண்டு தோப்பின் எண்களும் இருந்தன. மறு வருடமும் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது.

அவற்றைக் கட்டக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டே வந்தேன். இத்தாலியரின் அலை போல ஒரே சீராக வரவில்லை. ஆஸ்திரேலியர்களின் அலை போல உயர்ந்து உயர்ந்து உடையவுமில்லை. ஏறும், இறங்கும், சில வருடம் பயமுறுத்தும். ஒரு தோப்பு ஏறும்போது மற்றது பெரும்பாலும் இறங்கியிருக்கும். கோணல்மாணலான கோடு. இன்றைக்கும் அதை ஒரு சமன்பாட்டுக்குள் என்னால் அடக்க முடியவில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் தபால்காரர் வரும்வரை வகுப்பில் என் மனம் நின்றதில்லை.

கடைசியாக வந்த கார்டு மட்டும் கையோடு இருக்கிறது. எண்களுக்குக் கீழே இரண்டு வரி:

"இந்த வருசம் எங்க தோப்பில் கம்மி. அண்ணன் தோப்பில் ஜாஸ்தி. குளவி பாதி தூரம் போயிருக்கிறது."